இறங்க இடமில்லாத இலவச பஸ்

கையில் காசில்லாத ஒரு பத்தொன்பது வயசுப் பிள்ளை, சங்கரன்கோவிலில் மத்தியானம் ஒன்றரையிலிருந்து நாலு மணி வரை எங்கே இருக்கலாம்? இதற்கு யாராவது ஒரு பதில் சொல்லிவிட்டால் இந்தப் புலம்பலை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. நிழல் வேண்டும், குடிக்கத் தண்ணீர் வேண்டும், "எதுக்கு இங்கன நிக்க?" என்று ஒருத்தரும் கேட்கக் கூடாது. இந்த மூன்றும் சேர்ந்து கிடைக்கிற இடம், அந்த நேரத்தில், எனக்குத் தெரிந்து எங்கள் ஊரில் இல்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அதனால் இது பேப்பரில் படித்துவிட்டுப் பேசுகிற பேச்சு இல்லை, தினம் கண்ணால் பார்க்கிறது. காலேஜ் ஒன்றரைக்கு விடும். கிராமத்துக்குப் போகிற டவுன் பஸ் மூணே முக்காலுக்கு. நடுவில் ஒரு டிரிப் ஓடிக்கொண்டிருந்தது. கொரோனாவில் நிறுத்தினார்கள், நிறுத்தினது நிறுத்தினதுதான். ஆக, தினமும் இரண்டேகால் மணி நேரம். டிகிரி முடிகிற வரைக்கும் மூன்று வருஷம். கூட்டிப் பார்த்தால் அந்த நேரத்தில் இன்னொரு டிகிரியே படித்து முடித்திருக்கலாம்.

"யக்கா, கொஞ்ச நேரம் உள்ள நின்னுக்கிடட்டுமா? வெயிலு தாங்கல."

"நில்லுட்டி. வாடகையா கேட்டேன்?"

நிற்பார்கள். ஆறு பேருக்கு மேல் நின்றால் ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் உள்ளே நுழைய முடியாது. மெஷின் ஓடுகிற சூடு வேறு. ரெக்கார்டு நோட்டால் விசிறிக்கொண்டு, ஒருத்தி போனில் எல்லோரும் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். பத்து நிமிஷத்தில் அவர்களுக்கே கூச்சம் வந்துவிடும். "சும்மா நிக்கக் கூடாதுல்லா" என்று சொல்லி, ஏற்கெனவே நாலு காப்பி வைத்திருக்கிற ஆதாரை ஒருத்தி இன்னொரு காப்பி எடுக்கச் சொல்வாள். இரண்டு ரூபாய். அந்த இரண்டு ரூபாயை வாங்கும்போதுதான் எனக்கு எரிச்சலாக வரும். அவள் மேல் இல்லை. நிற்கிறதற்கு டிக்கெட் எடுக்கிறாள் பாருங்கள், அந்த நிலைமை மேல்.

பையன்களுக்கு டீக்கடை இருக்கிறதே என்பார்கள். இருந்தது. ஒரு டீயை மூன்று பேர் குடித்துவிட்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்தால் கடைக்காரர் என்ன செய்வார்? வாசலில் கிடந்த பெஞ்சையே தூக்கிவிட்டார். "உக்காந்தா எந்திரிக்க மாட்டேங்கானுவ, எனக்கு யாவாரம் நடக்க வேண்டாமாக்கும்?" என்று கேட்டார். நியாயம்தானே. பூ மார்க்கெட்டுக்கு மூட்டை கொண்டுவந்தவர், கோயிலுக்கு வந்த வெளியூர்க்காரர், தறிக்குப் போகிறவர் எல்லோரும் ஒரு வாய் டீக்கு அங்கேதான் வர வேண்டும். மாணவர்களுக்கு இடம் கொடுக்க வேண்டியது டீக்கடைக்காரரின் கடமை என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

மைதானம் என்று கேட்காதீர்கள். பள்ளிக்கூட மைதானங்கள் இருக்கின்றன. எந்தப் பள்ளி என்று சொல்லப் போவதில்லை. லீவு நாளில் எல்லாக் கேட்டிலும் பூட்டு. காரணம் கேட்டால், "உள்ள வந்து குடிச்சிட்டு பாட்டில ஒடச்சிப் போட்டுட்டுப் போறானுவ" என்பார்கள். குடிக்கிறவனைப் பிடிக்க வழி தெரியவில்லை, பந்து விளையாடுகிறவனுக்குக் கேட்டைப் பூட்டிவிட்டோம். குடிக்கிறவன் சுவர் ஏறிக் குதித்து இன்னமும் உள்ளேதான் போகிறான். எங்கள் பையன்களுக்கு ஸ்டேடியம் என்பது தண்ணீர் வற்றின குளம். மழை நன்றாகப் பெய்தால் விவசாயிக்குச் சந்தோஷம், இவர்களுக்கு ஆறு மாதம் கிரிக்கெட் கிடையாது. இதே கரிசல் காட்டில், கொஞ்ச தூரம் கிழக்கே போனால் கோவில்பட்டி. ஹாக்கி என்றால் கோவில்பட்டி என்று தமிழ்நாடு முழுக்கத் தெரியும். செயற்கைப் புல்தரை மைதானம் வரைக்கும் அங்கே வந்துவிட்டது. அந்த ஊர்ப் பிள்ளைகள் மட்டையோடு பிறந்தவர்களா? விளையாட இடம் இருந்தது, சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது. அவ்வளவுதான்.

இந்த லட்சணத்தில், "இப்ப உள்ள பிள்ளைக எப்பப் பாரு போனுதான்" என்று நாட்டாமை பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு மண்டைக்கு ஏறுகிறது. போனை வைத்துவிட்டு எங்கே போகச் சொல்கிறீர்கள், இடத்தைக் காட்டுங்கள். போனும் ஒன்றும் சும்மா வரவில்லை. ரீசார்ஜ் கம்பெனிக்காரனுக்கு மாதம் என்றால் 28 நாள். நமக்கு வருஷத்துக்குப் பன்னிரண்டு மாதம் என்றால் அவனுக்குப் பதின்மூன்று. அப்பா தறியில் நின்று சம்பாதிக்கிற காசிலிருந்துதான் அதுவும் போகிறது.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நாக்கு அழுகிவிடும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. 2022 செப்டம்பரில் புதுமைப்பெண் திட்டம் வந்தது, அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் காலேஜுக்குப் போகிற பெண்பிள்ளைக்கு மாதம் 1,000 ரூபாய். 2024 ஆகஸ்டில் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், அதுவும் ஆயிரம். அதற்கான பாஸ்புக் முதல் பக்கம், மார்க் ஷீட், போனஃபைடு எல்லாம் என் மெஷினில் ஓடினதுதான். அந்த ஆயிரம் வருகிறதால் படிப்பை நிறுத்தாமல் இருக்கிற பிள்ளைகளை எனக்கு முகம் பார்த்துத் தெரியும். மனசார வாழ்த்துகிறேன்.

ஆனால் பஸ்ஸில் ஏற்றிவிட்டீர்கள், எங்கே இறங்குவது? ஒரு பிள்ளை காசில்லாமல் கிராமத்திலிருந்து டவுனுக்கு வந்து சேர்ந்துவிட்டது. வந்த இடத்தில் அவளுக்கென்று என்ன இருக்கிறது? ஜவுளிக்கடை, பேன்சி ஸ்டோர், பிரியாணிக் கடை, நகை அடகுக் கடை. காசு இருந்தால் உள்ளே வா, இல்லையென்றால் ரோட்டில் நில்.

மிச்சம் இருப்பது கோயில். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குக் காலங்காலமாக உள்ள ஒரே பொது இடம் அதுதான். "எங்கட்டி போற?" "கோயிலுக்கு." அதற்கு மேல் எந்த வீட்டிலும் கேள்வி கிடையாது. சங்கரலிங்கத்துக்கு ஒரு சன்னதி, கோமதி அம்மனுக்கு ஒரு சன்னதி, நடுவில் ஒரு பாதி சிவனும் மறு பாதி பெருமாளுமாக சங்கரநாராயணர். அத்தனை பெரிய கோயிலில் பிரகாரத்துத் தூணில் சாய்ந்துகொண்டு பிள்ளைகள் அசைன்மென்ட் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். ஆடித் தபசுக்குக் கொடி ஏறிவிட்டால் போதும், ஆடிச்சுற்று ஆரம்பித்துவிடும். நூற்றெட்டு, ஐநூற்றொன்று, ஆயிரத்தெட்டு என்று அவரவர் வேண்டுதலுக்குத் தக்கபடி கோயிலைச் சுற்றுவார்கள். இரண்டு தோழிகள் கையைக் கோத்துக்கொண்டு, ஊர்க்கதை உலகக்கதை பூராவும் பேசிக்கொண்டு சுற்றுகிற அழகைப் பார்க்க வேண்டும். வேண்டுதல் பாதி, பேச்சு பாதி. வருஷத்தில் அந்தப் பத்துப் பன்னிரண்டு நாள்தான் அவர்கள் வீட்டில் யாருக்கும் கணக்குச் சொல்லாமல் கால் வலிக்க நடக்கிறார்கள்.

ஆனால் பாருங்கள், மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். காலேஜ் விடுகிற நேரமும் சாமி ஓய்வெடுக்கிற நேரமும் ஒன்று. சாயங்காலம் நடை திறக்கும்போது இவர்கள் பஸ்ஸில் ஊரைத் தாண்டியிருப்பார்கள். மாசத்தில் அந்த மூன்று நாலு நாள் எப்படியும் போக முடியாது. அப்புறம், எல்லோரும் கோயிலுக்குப் போகிறவர்கள்தானா? பர்தா போட்டுக்கொண்டு ஒரு பிள்ளை என் கடைக்கு வரும், கழுத்தில் சிலுவைச் சங்கிலியோடு இன்னொன்று வரும். மற்றவர்கள் கோயில் பக்கம் நடந்தால் இவர்கள் இரண்டு பேரும் என் கடை வாசலில் நிற்பார்கள். ஊருக்கே ஒரே திண்ணை, அது சாமியுடையது என்றால் இப்படித்தான் ஆகும்.

நூலகம் இல்லையா என்று கேட்பீர்கள். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. சுதந்திர இந்தியாவிலேயே முதன்முதலில் பொது நூலகச் சட்டம் போட்டது நம் மாகாணம்தான், 1948-இல், எஸ். ஆர். ரங்கநாதன் பாடுபட்டுக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து நாம் வரி கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். மதுரையில் 2023-இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள். ஏசி, லிப்ட், குழந்தைகளுக்குத் தனிப் பகுதி, போய் வந்தவர்கள் வாய் ஓயாமல் சொல்கிறார்கள். அந்த நூலகத்தில் ஒரு மாடி வேண்டாம், ஒரு மூலை இங்கே வந்தால் போதும் என்று தோன்றும். கிளை நூலகம் என்றால் நம் பக்கத்தில் பொதுவாக எப்படி இருக்கும்? ஒரே தினத்தந்தியை நாலாகப் பிரித்து நாலு பெரியவர்கள் படிப்பார்கள், அதில் சினிமாப் பக்கம் யாரிடம் இருக்கிறது என்று ஐந்தாவது ஆள் தேடுவார். மிச்ச நாற்காலியில் குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, வீட்டில் மேஜை இல்லாதவர்கள் அவர்கள். ஆனால் கதைப் புத்தகம் தேடி வருகிற பிள்ளையை, "பரீட்சைக்குப் படிக்கிற இடத்துல இது என்ன பொழுதுபோக்கு" என்று எல்லோரும் நிமிர்ந்து பார்க்கிற பார்வை இருக்கிறதே! பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை விடுமுறை வேறு.

புத்தகம் என்றதும் கரிவலம்வந்தநல்லூர் ஞாபகம் வருகிறது. எங்கள் ஊரிலிருந்து ராஜபாளையம் ரோட்டில் பத்துக் கிலோமீட்டர். வரதுங்கராம பாண்டியன் சேர்த்து வைத்த ஏட்டுச் சுவடிகள் அந்தக் கோயிலில் இருக்கின்றன என்று கேள்விப்பட்டு, உ. வே. சாமிநாதையர் அத்தனை தூரம் தேடி வந்தார். பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டாயிற்று என்று பதில் கிடைத்தது. 'என் சரித்திர'த்தில் அவரே வயிறெரிந்து எழுதியிருக்கிறார். ஒரு ராஜா சேர்த்த நூலகத்தை நெருப்பில் போட்ட வட்டாரம் இது. நாங்களாவது கொஞ்சம் கூடுதலாகப் பரிகாரம் செய்ய வேண்டாமா?

மாணவர்களுக்கென்று இலவசமாக நடக்கிற நிகழ்ச்சி ஒன்று உண்டு, அதை மறந்துவிடக் கூடாது. விழிப்புணர்வுப் பேரணி. ஹெல்மெட் போடு, தண்ணீரைச் சேமி, போதையை ஒழி, ஜனவரி 25 வந்தால் ஓட்டுப் போடு. வெயிலில் பதாகையைப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் போவார்கள். கொடியசைத்துத் தொடங்கி வைக்கிறவர் அசைத்த கையோடு காரில் ஏறிவிடுவார். பிள்ளைகள் நடந்து முடித்தால் ஒரு பிஸ்கட் பாக்கெட், ஒரு ஜூஸ். மறுநாள் பேப்பரில் போட்டோ, அதில் கொடியசைத்தவர் முகம்தான் தெளிவாக இருக்கும். பத்தொன்பது வயசில் ஹெல்மெட்டைப் பற்றி ஊருக்குச் சொல்லத்தான் இவர்களுக்கு ஓர் உடம்பு இருக்கிறதா? இவர்களாக ஒரு பாட்டுப் பாட, ஒரு நாடகம் போட, வாயைத் திறந்து சண்டை போட ஒரு மேடை எங்கே? மாவட்டப் புத்தகத் திருவிழா என்று வருஷத்துக்கு ஒன்று நடக்கிறது, நல்ல பேச்சாளர்கள் வருகிறார்கள். 2019-இல் ஜில்லா பிரித்தபோது எல்லாம் தென்காசிக்குப் போனதுபோல அதுவும் தென்காசியில். பேச்சு முடிவது ராத்திரி. அந்நேரத்துக்குக் கிராமத்துக்கு எந்த பஸ்?

எனக்கு ரொம்ப ஆறாமல் இருப்பது இன்னொன்று. வரலாறு படிக்கிற ஒரு பிள்ளை ரெக்கார்டு நோட்டு ஜெராக்ஸ் எடுக்க வந்தது. கேட்டேன்.

"ஏட்டி, வெட்டுவான் கோவில் பாத்திருக்கியா?"

"கழுகுமலதான யக்கா? தம்பிக்கு மொட்ட போடப் போனோம். கீழ முருகன் கோவிலப் பாத்தோம், மேல போகல."

"ஏன்?"

"நேரமாயிரும்னுட்டாக அப்பா."

கழுகுமலை எங்கள் ஊரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வேலை. மலையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். சிகரத்தில் அத்தனை சிற்பமும் முடிந்துவிட்டது, கீழே வரவர வேலை பாதியில் நிற்கிறது. முடியாமல் நின்றதால்தான் உளி எங்கே ஆரம்பித்தது, எப்படி இறங்கியது என்று நாம் கண்ணால் பார்க்க முடிகிறது. பக்கத்துப் பாறையில் சமணத் தீர்த்தங்கரர்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். கீழே வட்டெழுத்து. அந்த எழுத்தில் குரத்தியார் என்று பெண் துறவிகள், பெண் ஆசிரியர்கள் வருகிறார்கள். அவர்களுக்கு மாணாக்கர் உண்டு, மாணாக்கியரும் உண்டு. வெவ்வேறு ஊரிலிருந்து வந்தவர்கள். ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் எங்கிருந்தோ நடந்து வந்து, இந்த மலையில் ஏறிப் பாடம் சொல்லியிருக்கிறாள், பாடம் கேட்டிருக்கிறாள். அதே மலைக்கு, வரலாறு பாடமாகவே படிக்கிற எங்கள் பிள்ளை போனால் நேரமாகிவிடும்! பார்க்கக் காசு கிடையாது. போகத்தான் காசு வேண்டும், கோவில்பட்டி போகிற மொபசல் பஸ்ஸில் இலவசச் சலுகை இல்லை. காலேஜ் பஸ் பாஸும் வீட்டுக்கும் காலேஜுக்கும் நடுவில் மட்டும்தான் செல்லும்.

இது ஒன்று மட்டுமா? காவடிச்சிந்து பாடின அண்ணாமலை ரெட்டியார் பிறந்த சென்னிகுளம் பக்கத்திலேதான். இருபத்தாறு வயசில் செத்துப்போனார் அந்த மனிதர், எம்.ஏ. முடித்துவிட்டு வேலை தேடுகிற பையன் வயசு. வெள்ளைக்காரனை எதிர்த்த பூலித்தேவரின் நெற்கட்டும்செவல் இந்தச் சுற்றுவட்டாரம்தான், கடைசியில் அவர் சங்கரன்கோவில் கோயிலுக்குள் போய் மறைந்தார் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். சங்கரன்கோவில் மண், கரிவலம் நெருப்பு, தாருகாபுரம் நீர், தென்மலை காற்று, தேவதானம் ஆகாயம் என்று பஞ்சபூதத்துக்கும் ஐந்து ஊர் சொந்தமாக வைத்திருக்கிறோம். ஒரு தமிழ் வாத்தியார், ஒரு வரலாறு வாத்தியார், பாதி நாள் சும்மா நிற்கிற ஒரு காலேஜ் பஸ், மாதத்தில் ஒரு சனிக்கிழமை. அந்தப் பேரணிகளில் ஒன்றைக் குறைத்துக்கொண்டால் நாளும் கிடைத்துவிடும். இதற்கு உலக வங்கி கடனா வேண்டும்?

"எங்க காலத்துல இதெல்லாம் யாரு கேட்டா?" என்பார் எங்கள் பெரியப்பா. அவர் காலத்தில் கேட்கத் தேவை இல்லை. கொடை விழா என்றால் விடிய விடிய வில்லுப்பாட்டு, கணியான் கூத்து. தெருவில் திரை கட்டிப் படம். தேரடியில் கூட்டம் என்றால் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு நடுராத்திரி வரை பேச்சுக் கேட்கலாம். இப்போது கூட்டம் என்றால் ஆளுக்கு இவ்வளவு, சாப்பாடு தனி என்று பேசி வேன் ஏற்றுகிறார்கள். அன்றைக்கும் பெரியம்மா எதையும் நேரில் பார்த்ததில்லை, வாசல் நடையிலிருந்து சத்தம் மட்டும் கேட்டிருக்கிறாள். அதைப் பெரியப்பா சொல்வதில்லை.

இடமே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த எனக்கு ஒரு நாள் திடீரென்று உறைத்தது. கல்யாண மண்டபங்கள்! ஒவ்வொரு சமுதாயத்துக்கும் ஒன்று, இரண்டு. பெரிய ஹால், வரிசையாக ஃபேன், குடிதண்ணீர், நாற்காலி, முக்கியமாகக் கக்கூஸ், அதுவும் பெண்களுக்குத் தனியாக. முகூர்த்தம் இல்லாத நாளில் எல்லாம் பூட்டுதான். ஆடி முழுக்கப் பூட்டு, மார்கழி முழுக்கப் பூட்டு. வாரத்தில் நாலு நாள், ஒன்றரையிலிருந்து நாலு வரைக்கும் ஒரு மண்டபத்துச் சாவியைக் கொடுத்தால் போதும். மேடை இருக்கிறது, மைக் செட்டும் இருக்கிறது.

ஒரு மண்டபத்து நிர்வாகத்தில் உள்ள ஒருத்தர் என் கடைக்குப் பத்திரிகை ஜெராக்ஸ் எடுக்க வருவார், நல்ல மனுஷர்தான். கேட்டேவிட்டேன்.

"நல்ல யோசனதாம்மா. ஆனா ஆம்பளப் பையலும் பொம்பளப் பிள்ளையும் ஒரே ஹாலுல இருந்து நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்ல?"

"நான் வந்து உக்காந்துக்கிடுதேன் அண்ணாச்சி."

கொஞ்சம் யோசித்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எல்லாப் பிள்ளைகளும் வருமே" என்றார். அந்த 'எல்லா'வுக்கு என்ன பொருள் என்று இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

"வரத்தான் செய்யும். காலேஜுல ஒரே பெஞ்சுலதான இருக்கு."

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. வாடகை கட்டினால் யாருக்கும் தாராளமாகக் கொடுப்போம், அதில் பாகுபாடே கிடையாது என்றார். எவ்வளவு என்று கேட்டேன். புதுமைப்பெண் பணம் வாங்குகிற இருபத்தைந்து பிள்ளைகள் அந்த மாதத்து ஆயிரத்தை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு நாள் உட்காரலாம். கரண்ட் சார்ஜ் தனியாம்.